இடத்தை விழுங்கியது எது?

கணிப்பொறி வாங்கிய புதிதில் அதன் வன்தட்டு வற்றாத களஞ்சியமாகவே நமக்குத் தோன்றுகிறது. எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாது என்று எண்ணுகிறோம். மூன்று ஆண்டுகள் கழிகின்றன. பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்திற்காகச் சான்றிதழ் நகலைப் பதிந்து வைக்க முற்படும் வேளையில், 'இடம் போதவில்லை' என்னும் அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. திறந்து பார்த்தால் 'சி' டிரைவின் கோடு முழுவதும் சிவந்து கிடக்கிறது.

இதன் பின் நம் இல்லங்களில் நிகழ்வது பெரும்பாலும் ஒன்றுதான். கண்ணில் முதலில் படுபவை புகைப்படங்கள். ஆகவே முதலில் கை வைக்கப்படுவதும் அவற்றின் மீதே. பெருநாள் படங்கள், பிள்ளைகளின் சிறு பருவப் படங்கள் யாவும் 'இடத்தை அடைக்கின்றன' என்னும் குற்றச்சாட்டின் பேரில் நீக்கப்படுகின்றன. அல்லது பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் செல்லப்பட்டு, 'பார்மட்' என்ற பெயரில் அனைத்துமே துடைத்தெறியப்படுகின்றன. நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இடத்தை விழுங்கியது எது என்று கண்டறியாமல் எதை நீக்குவது?

இரண்டு வினாக்கள்

'எவ்வளவு மிச்சம்?' என்பது ஒரு வினா. 'எங்கே போயிற்று?' என்பது வேறொரு வினா. 1971ஆம் ஆண்டில் வெளியான யூனிக்ஸ் இயக்கமுறையின் முதல் கையேட்டிலேயே இவ்விரண்டிற்கும் தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. எஞ்சிய இடத்தைச் சொல்வது 'டிஎஃப்'. ஒவ்வொரு ஃபோல்டரும் எடுத்துக்கொண்ட இடத்தைச் சொல்வது 'டியூ'. அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் லினக்ஸ், மேக் கணிப்பொறிகளில் அதே பெயர்களில் அவை பயன்பட்டு வருகின்றன. விண்டோஸ் கணிப்பொறியின் சிவப்புக் கோடு முதல் வினாவிற்கு மட்டுமே விடையளிக்கிறது. அதைக் கண்டு அஞ்சி நாம் செயலில் இறங்குகிறோம். இரண்டாம் வினாவை எழுப்புவதே இல்லை.

இரண்டாம் வினாவிற்கு விடை காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சாதாரண மடிக்கணினியில் கோப்புகள் லட்சக்கணக்கில் உள்ளன. அவை ஃபோல்டருக்குள் ஃபோல்டராக, அதற்குள் மற்றொன்றாக அடுக்கப்பட்டுள்ளன. பட்டியலிட்டுப் பார்த்தால் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடுமேயன்றி உண்மை புலப்படாது.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 1990ஆம் ஆண்டு இதே தொல்லை எழுந்தது. மனிதர்கள் கணிப்பொறியைக் கையாளும் முறை குறித்து ஆராயும் கூடம் ஒன்று அங்குண்டு. அக்கூடத்தின் வன்தட்டு அன்று 80 எம்.பி. கொள்ளளவுடையது. அதனை 14 பேர் பங்கிட்டுப் பயன்படுத்தினர். ஆளுக்கு ஆறு எம்.பி. கூட வாராது; இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நல்ல படமே அந்தப் பங்கை விழுங்கிவிடக் கூடும்! தட்டு நிரம்பியபோது, எவருடைய எந்தக் கோப்பு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று கண்டறிவது பெரும்பாடாயிற்று. அக்கூடத்தின் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் இதைப் பற்றியே இடையறாது சிந்தித்து ஒரு வழி கண்டார்.

அவர் கண்ட வழி வியக்கத்தக்க அளவு எளியது. நம் ஊர்களில் மனைப்பிரிவு வரைபடம் பார்த்திருப்பீர்கள். முழு நிலமும் ஒரு செவ்வகம். அதற்குள் ஒவ்வொருவர் மனையும் அதனதன் பரப்பிற்கேற்ற சிறு செவ்வகம். யாருடைய மனை பெரிது என்று கேட்டுத் தெரிய வேண்டியதில்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். வன்தட்டையும் அவ்வாறே ஒரு செவ்வகமாக வரைந்து, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அது பிடித்துள்ள இடத்திற்கேற்ற பரப்பை ஒதுக்கி, அதற்குள் அதன் கோப்புகளைச் சிறு கட்டங்களாகப் பகுத்தார். இதற்கு 'ட்ரீமேப்' என்று பெயர். இவருடைய மாணவர் பிரையன் ஜான்சன் இதனை மெக்கின்டோஷ் கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளாகச் செய்து காட்டினார். 1992இல் ஷ்னைடர்மனின் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று.

தொடக்க கால வரைபடங்களில் ஒரு குறை இருந்தது. சில கட்டங்கள் நூல் போல மெலிந்து, கண்ணுக்கே புலப்படாமற் போயின. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டளவில், கட்டங்களை இயன்றவரை சதுரமாக அமைக்கும் முறையை வகுத்து அக்குறையை நீக்கினர். பின்னாளில் பங்குச் சந்தை நிலவரத்தைக் காட்டவும் இப்படம் பயன்பட்டது. நிரம்பிய ஒரு வன்தட்டின் முன் அமர்ந்து தோன்றிய யோசனை இவ்வளவு தூரம் பயணம் செய்தது!

இன்று நம் கையில் உள்ள கருவிகள்

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. செட்டிங்ஸ், அதனுள் சிஸ்டம், அதனுள் ஸ்டோரேஜ் என்று சென்றால், செயலிகள், படங்கள், தற்காலிகக் கோப்புகள் என வகை வகையாக அளவு காட்டப்படும். பாதி நோய் இதிலேயே பிடிபட்டுவிடும்.

மேலும் நுணுகிப் பார்க்க விரும்புவோர் 'விண்டிர்ஸ்டாட்' என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். மேற்சொன்ன ட்ரீமேப் வரைபடத்தை வண்ணக் கட்டங்களாக அது காட்டும். பெரிய கட்டத்தின் மீது சொடுக்கினால் அக்கோப்பின் பெயரும் இருப்பிடமும் தெரியும். 'விஸ்ட்ரீ' என்பது மற்றொன்று. இது ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணுவதில்லை. வன்தட்டிலேயே விண்டோஸ் எழுதி வைத்துள்ள மூலப் பதிவேட்டை நேரடியாகப் படித்துவிடுகிறது. ஆதலால் சில நொடிகளில் விடை தருகிறது. எதைப் பயன்படுத்தினாலும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் இயக்குதல் வேண்டும். இல்லையேல் பூட்டிய அறைகளை விட்டுவிட்டுத் திறந்த அறைகளை மட்டும் எண்ணிய கணக்காகிவிடும்.

கணக்குப் பார்க்கும் முன் ஓர் ஐயத்தை அகற்றிவிடுகிறேன். 256 ஜி.பி. என்று சொல்லி விற்ற கணிப்பொறியில் 238 ஜி.பி. மட்டுமே காட்டப்படுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று குறைப்படுவோர் பலர். அவர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. படி ஒன்றே, அளக்கும் மரக்கால்தான் வேறு.

ஒரு வீட்டுக் கணக்கு

எனக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றின் கணக்கை இங்கு எடுத்துக்காட்டுவது பயனுடையதாகும். குடும்பத் தலைவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். வீட்டில் இருப்பது மேற்சொன்ன 256 ஜி.பி. மடிக்கணினி. எஞ்சியிருந்தது ஒரே ஒரு ஜி.பி. கடைவீதியில் பழுதுபார்ப்பவர் ஒருவர், "படங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பார்மட் செய்துவிடலாம்" என்று கூறி அனுப்பிவிட்டார். பிளஸ் டூ முடித்திருந்த மகள், அழிப்பதற்கு முன் அளந்து பார்க்க முடிவு செய்தாள்.

அளந்ததில் தெரிய வந்தவை இவை. விண்டோஸும் செயலிகளும் 45 ஜி.பி. பெரிய மகனின் நிக்காஹ் வீடியோ 74. கைப்பேசியின் காப்பு நகல் ஒன்று 58. விண்டோஸின் பழைய பதிப்பு 21. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் 17. ரீசைக்கிள் பின்னில் 6. சில்லறையாக 5. குற்றவாளியாக நிறுத்தப்பட்ட புகைப்படங்களோ, பத்தாண்டுப் படங்கள் யாவும் சேர்ந்து 11 ஜி.பி.தான்! அவை அத்தனையையும் அழித்திருந்தாலும் சில மாதங்களில் அக்கோடு மீண்டும் சிவந்திருக்கும்.

நிக்காஹ் வீடியோ ஏன் 74 ஜி.பி. ஆயிற்று? ஸ்டூடியோவினர் தந்த பென்டிரைவிலிருந்து வீட்டில் நால்வர் நான்கு முறை நகலெடுத்திருந்தனர். டெஸ்க்டாப்பில் ஒன்று, வீடியோஸில் ஒன்று, 'நிக்காஹ் புதியது' என்னும் பெயரில் ஒன்று, பெயரே இல்லாத ஃபோல்டரில் ஒன்று. ஒவ்வொன்றும் பதினெட்டரை ஜி.பி. மகள் அவசரப்படவில்லை. நான்கின் அளவும் கடைசி பைட் வரை ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாள். ஒவ்வொன்றையும் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஓடவிட்டுப் பார்த்தாள். வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஒரு நகல் வைத்து, அது ஓடுகிறதா என்றும் சோதித்த பிறகே மூன்றை நீக்கினாள். ஐம்பத்தைந்து ஜி.பி. விடுபட்டது. ஒருவருக்கும் எந்த இழப்பும் இல்லை.

விண்டோஸின் பழைய பதிப்பு என்பது புதிய பதிப்பிற்கு மாறும்போது முந்தையதை 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்னும் பெயரில் ஒதுக்கி வைப்பதாகும். திரும்பிச் செல்ல விரும்பினால் பயன்படும். வழக்கமாகப் பத்து நாட்களுக்குப் பின் அது தானாகவே நீங்கிவிடும். விண்டோஸ் 10 பதிப்பிற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றதால், அதை விட்டு 11க்கு மாறிய வீடுகள் பல. மாறிய சில நாட்களில் இடம் குறைந்துவிட்டதாகத் தோன்றினால் முதலில் ஐயுற வேண்டியது இதனைத்தான். ஸ்டோரேஜ் பக்கத்திலுள்ள தற்காலிகக் கோப்புகள் பகுதி வழியே அதை முறைப்படி நீக்கலாம்.

அந்த 58 ஜி.பி. காப்பு நகல்தான் கதையின் முக்கியப் பகுதி. அது எந்த ஃபோல்டரிலும் கண்ணுக்குப் படவில்லை. கணிப்பொறியில் ஐபோனை இணைத்துக் காப்பு எடுக்கும்போது, அது பயனர் கணக்கின் உள்ளே மறைவான ஓர் இடத்தில் சென்று தங்கிவிடுகிறது. எல்லா ஃபோல்டர்களையும் கூட்டிப் பார்த்தும் கணக்கு உதைக்கிறதே என்று பலர் திகைப்பது இத்தகைய மறைவிடங்களால்தான். அக்கைப்பேசியோ விற்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. விற்றுவிட்ட கைப்பேசியின் நகல் இனி எதற்கு? எந்த மென்பொருளும், எந்தப் பழுதுபார்ப்பவரும் முதலில் நீக்கச் சொல்வது இதைத்தான். மகளும் நீக்கவே எண்ணினாள். தாயிடம் ஒரு வார்த்தை கேட்டாள்.

"அந்தப் போன்லதானேம்மா நன்னி பேசி அனுப்பினது எல்லாம் இருந்துச்சு?" என்றார் தாய்.

வஃபாத்தான நன்னி தம் கடைசி ஆண்டில் எழுத இயலாததால் வாட்ஸ்அப்பில் குரல் செய்திகளாகவே பேசி அனுப்பி வந்திருக்கிறார். கைப்பேசி மாற்றியபோது அவை புதியதற்கு வந்து சேரவில்லை. இக்காப்பு நகலைத் தவிர உலகில் வேறெங்கும் அவை இல்லை. அந்நகலை நேரடியாகத் திறந்து கேட்கவும் இயலாது. ஓர் ஐபோனில் மீட்டெடுத்த பின்னரே கேட்க முடியும். ஃபோல்டரை உட்புறம் எதையும் மாற்றாமல் முழுமையாக வெளி ஹார்ட் டிஸ்க்கிற்கு நகலெடுத்தனர். பிறகு மாமா பயன்படுத்தாமல் வைத்திருந்த ஐபோனில் மீட்டெடுத்தனர். இருபத்துமூன்று குரல் செய்திகள் கிடைத்தன. தனியே பிரித்து வைத்தபோது அவற்றின் மொத்த அளவு இரண்டு எம்.பி.க்கும் குறைவு. அத்தாவுக்கும் அன்றே அனுப்பி வைத்தார்களாம்.

58 ஜி.பி.க்குள் இரண்டு எம்.பி.! வரைபடத்தில் அதற்கெனத் தனிக்கட்டமே தெரிந்திராது. ஷ்னைடர்மனின் படம் பரப்பளவைத்தான் காட்டும்; அதில் எந்த மனையில் எவருடைய வீடு இருக்கிறது என்பதை வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுமுன் அவ்வீட்டார் அதையும் புரட்டிப் பார்த்தனர். அத்தாவின் பாஸ்போர்ட் நகல் ஒன்று அதனுள் கிடந்தது. முடிவில் சுமார் 150 ஜி.பி. இடம் கிடைத்தது. புகைப்படங்களில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

கை வைக்கக் கூடாதவை

வரைபடத்தில் பெரிதாகத் தெரியும் சில கட்டங்கள் கணிப்பொறியின் சொந்த உடைமைகள். 'ஹைபர்ஃபில் டாட் சிஸ்' என்பது கணிப்பொறி நீள் உறக்கத்திற்குச் செல்லும்போது நினைவகத்தில் உள்ளதை எழுதி வைக்கும் கோப்பு. பொதுவாக நினைவகத்தின் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்கும். 'பேஜ்ஃபைல் டாட் சிஸ்' என்பது நினைவகம் போதாத வேளையில் கைகொடுப்பது. இவற்றை அவ்வாறே விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒன்றுண்டு. பல ஜி.பி. என்று காட்டும். ஆனால் அவ்வளவும் உண்மையன்று. ஒரே வீட்டிற்கு இரண்டு தெருக்களிலும் வாசல் இருந்தால், தெருத் தெருவாக எண்ணுபவர் இரண்டு வீடு என்று எழுதிவிடுவார் அல்லவா? அவ்வாறே ஒரே கோப்பு இரண்டு இடங்களில் பெயர் பெற்று, இருமுறை எண்ணப்படுகிறது. அதைக் கையால் அழித்தால் கணிப்பொறி எழுந்திருக்காமலே போகக்கூடும்.

வேர்டில் தட்டச்சு செய்த கடிதங்களையும் வினாத்தாள்களையும் நீக்கிக்கொண்டிருப்பது வேறொரு வீண் வேலை. யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டிற்கு மூன்று பைட்டுகள் ஆகும். இக்கட்டுரை முழுவதையும் வெறும் எழுத்தாகப் பதிந்தால் ஏறத்தாழ 50 கே.பி. வரலாம். கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோவை 100 எம்.பி. என்று கொண்டால், அவ்விடத்தில் இத்தகைய கட்டுரைகள் இரண்டாயிரத்தை வைக்கலாம்.

ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பைப் பயன்படுத்துவோருக்குத் தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. அந்த ஃபோல்டரில் உள்ளதை இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கு மகன் இடத்தை மிச்சப்படுத்த நீக்கிய படம், துபாயில் தந்தையின் கைப்பேசியிலிருந்தும் மறைந்து போகும். கணிப்பொறியில் மட்டும் இடம் வேண்டுமெனில், கோப்பின் மீது வலப்புறம் சொடுக்கி 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கோப்பு இணையத்தில் இருக்கும், இங்கு பெயர் மட்டும் நிற்கும். தவறுதலாக அழித்துவிட்டாலும், தனிநபர் கணக்குகளில் 30 நாட்கள் வரை ஒன்டிரைவின் சொந்த ரீசைக்கிள் பின்னில் தேடி மீட்கலாம்.

இன்றைய மடிக்கணினிகளில் சுழலும் தட்டுகள் அருகிவிட்டன, எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லுகளே உள்ளன. பழைய தட்டில் அழித்ததை, அதன் மீது வேறொன்று எழுதப்படும் வரை மீட்க வாய்ப்பிருந்தது. எஸ்.எஸ்.டி.யில் அவ்விடம் விரைவிலேயே உண்மையாகத் துடைக்கப்பட்டுவிடுவதால் மீட்பது மிக அரிது. ஆதலின் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி டெலீட் செய்யும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் கண்டால் தடுத்துவிடுங்கள்.

'ஒரே சொடுக்கில் சுத்தம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் குறித்தும் சொல்லியாக வேண்டும். எது தேவை, எது தேவையற்றது என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? உலகெங்கும் நற்பெயர் பெற்றிருந்த சிசிளீனர் மென்பொருளின் ஒரு பதிப்பிலேயே 2017இல் தீய நிரல் புகுத்தப்பட்டு, இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளுக்கு அது சென்று சேர்ந்தது. விண்டோஸ் தன்னுடனேயே தரும் வசதி இருக்கையில், முகம் தெரியாதவரை வீட்டிற்குள் அழைத்துப் பெருக்கச் சொல்வானேன்?

கணிப்பொறி இல்லாத வீடுகளிலும் கைப்பேசி உண்டு. அங்கே இடத்தை விழுங்குவது பெரும்பாலும் வாட்ஸ்அப். அதன் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதனுள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று செல்லுங்கள். பலமுறை பகிரப்பட்டவை, ஐந்து எம்.பி.க்கு மேற்பட்டவை என இரு தலைப்புகளும், அவற்றின் கீழ் ஒவ்வொருவருடனான உரையாடலும் அளவு வாரியாகக் காட்டப்படும். ஜும்ஆ வாழ்த்துப் படங்களும், எங்கோ எடுத்து எவரோ அனுப்பிய வீடியோக்களும் முதல் தலைப்பில் வரிசை கட்டி நிற்கும். அவற்றைத் தயங்காமல் நீக்கலாம். குடும்பக் குழுவின் உரையாடலே பட்டியலில் முதலிடத்தில் இருந்தாலும் அதை முழுதாகத் துடைத்துவிடாமல், ஐந்து எம்.பி.க்கு மேற்பட்டவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தேர்ந்து நீக்குங்கள். சிறிய குரல் செய்திகள் அத்தலைப்பின் கீழ் வருவது அரிது.